நியூ ஆர்லியன்ஸ் தெருமுனை உணவகத்தில் சாப்பிடுவது எப்படி? கிரியோல், கேஜன் சாப்பாட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள நியூ ஆர்லியன்ஸுக்கு முதன்முதலாகப் போனது ஓர் அக்டோபர் மாதம். வீடுகளுக்கு நடுவே, தெரு முக்கில் இருந்த ஒரு சிறிய உணவகத்தில் உட்கார்ந்ததும், ஊரிலிருந்தே மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்: "அவித்த கிராஃபிஷ் ஒரு தட்டு." பரிமாறிய அம்மாள் என் கையிலிருந்த மெனு அட்டையை வாங்கி மூடினார். "அதற்கு நீ வசந்தத்தில் வரவேண்டும், பேபி. இன்று திங்கட்கிழமை. ரெட் பீன்ஸ் சாப்பிடு" என்றார். கேட்டது கிடைக்கவில்லையே என்ற வருத்தம் முதல் கரண்டியிலேயே போய்விட்டது. பீன்ஸ் வெண்ணெய்போலக் குழைந்திருந்தது. நடுவே ஒரு குவியல் வெள்ளைச் சோறு, ஓரமாகப் புகையூட்டிய சாசேஜ் துண்டு. அன்றிலிருந்து அந்த ஊருக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இந்த உணவகங்களில் மெனுவைப் பார்த்துச் சாப்பிடாதீர்கள், கிழமையையும் பருவத்தையும் பார்த்துச் சாப்பிடுங்கள்.

1. கிளம்புமுன் நாட்காட்டியைப் பாருங்கள்

திங்கட்கிழமை என்றால் ரெட் பீன்ஸும் சோறும். அந்தக் காலத்தில் திங்கள் துணி துவைக்கும் நாள். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய பன்றித்தொடை எலும்பைப் போட்டு, இரவே ஊறவைத்த பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டால், துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டு முடிக்கும்வரை அது பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வீடு சலவை இயந்திரம் வந்த பிறகும் திங்கட்கிழமைப் பீன்ஸ் மாறவில்லை. இந்த ஊரில் பிறந்த ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங், தம் கடிதங்களை 'ரெட் பீன்ஸும் சோறுமாக, உங்கள்' என்று பொருள்படும்படி முடித்துக் கையெழுத்திடுவாராம். அவ்வளவு பற்று.

வெள்ளிக்கிழமை மீனுக்கும் இறாலுக்கும் உரியது. நகரம் பழைய கத்தோலிக்க நகரம். இறைச்சியைத் தவிர்க்கும் தவக்காலத்து வெள்ளிகளில் பல உணவகங்களின் பலகையில் கடலுணவே நிறைந்திருக்கும். ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனன்று மட்டும் கிடைக்கும் ஓர் அபூர்வம் உண்டு: பல கீரைகளைச் சேர்த்துச் செய்யும் 'கம்போ ஸேர்ப்'. கம்போ என்பது இந்த ஊரின் குழம்பு. ட்ரெமே பகுதியில் 1941-இல் தொடங்கிய டூக்கி சேஸ் உணவகத்தில் லியா சேஸ் அம்மையார் அதை ஆண்டுதோறும் சமைத்துவந்தார். கீரைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்கவேண்டும். எத்தனை கீரையோ அத்தனை புதிய நண்பர்கள் அந்த ஆண்டு கிடைப்பார்கள் என்பது நம்பிக்கை. அதே உணவகத்தின் மாடி அறையில்தான், வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக அமர்வதைச் சட்டம் தடுத்த காலத்தில், குடிமை உரிமைப் போராட்டக்காரர்கள் கூடி, கம்போவைச் சாப்பிட்டுக்கொண்டே திட்டமிட்டார்கள். அம்மையார் 2019-இல், 96 வயதில் காலமானார். உணவகம் இன்றும் நடக்கிறது.

கிழமைக்கு அடுத்தது பருவம். கிராஃபிஷ் என்பது விரல் நீளமே உள்ள, கொடுக்கு வைத்த நன்னீர்ச் சிங்கி. லூசியானாவின் தென்மேற்கில் அது பெரும்பாலும் நெல்வயலில் வளர்கிறது. கோடையில் நெல் அறுவடை முடிந்து, இலையுதிர்காலத்தில் வயலுக்கு மறுபடியும் தண்ணீர் கட்டுவார்கள். மண்ணுக்குள் வளை தோண்டிக் கிடந்தவை குஞ்சுகளோடு வெளியே வரும். அறுத்த நெல்லின் தாளைத் தின்று வளரும். குளிர்காலத்தில் வரத்துத் தொடங்கினாலும், மார்ச் முதல் மே வரைதான் கொழுத்த உருப்படி நியாயமான விலையில் கிடைக்கும். அக்டோபரில் கேட்டவனுக்கு என்ன பதில் கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன்.

பச்சைச் சிப்பிக்குக் குளிர்மாதங்கள் நல்லவை. ஜனவரி 6 முதல் மார்டி கிரா திருவிழா வரை கிங் கேக். ஓடு கழற்றிய மென் நண்டு வசந்தத்திலும் கோடையிலும்.

2. கடையைத் தேர்ந்தெடுங்கள்

சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் பிரெஞ்சுக் குவார்ட்டரை விட்டு வெளியே வாருங்கள். மிட்-சிட்டி, ட்ரெமே, மேகசின் தெரு ஆகிய பகுதிகளில் குடும்பங்கள் தலைமுறையாக நடத்தும் இடங்கள் இருக்கின்றன. கேனல் தெரு டிராமில் ஏறினால் மாண்டினாஸ் உணவகத்தின் வாசலிலேயே இறங்கலாம். போ-பாய் என்னும் சாண்ட்விச்சுக்கு 1911-இல் பேக்கரியாகத் தொடங்கிய பார்க்வே இருக்கிறது. 2005-இல் கத்ரீனா புயலின் வெள்ளம் மிட்-சிட்டியையும் ட்ரெமேயின் ஒரு பகுதியையும் மூழ்கடித்தது. நீரில் கிடந்த அடுப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே மூலையில் மறுபடியும் கடை திறந்தவர்கள் இவர்களில் பலர். அதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

மேசையை முன்பதிவு செய்யும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. பகல் 11 மணிக்குப் போனால் உடனே இடம், 12.30-க்குப் போனால் நடைபாதையில் வரிசை. சில பழைய கடைகள் ரொக்கம் மட்டுமே வாங்கும். சில ஞாயிறோ திங்களோ மூடியிருக்கும். முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

3. கிரியோல் எது, கேஜன் எது

இரண்டையும் ஒன்றாகச் சொல்லியே பழகிவிட்டோம். கிரியோல் நகரத்துச் சமையல். 1718-இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த துறைமுகம். பிறகு ஸ்பெயின் ஆண்டது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்களின் கை அடுப்படி முழுவதும் இருந்தது. மண்ணின் மக்களான சோக்டா இனத்தாரின் மூலிகை, பிற்காலத்தில் சிசிலியிலிருந்து வந்தவர்களின் பூண்டும் தக்காளியும் சேர்ந்தன. வெண்ணெயும் கிரீமும் தாராளம்.

கேஜன் நாட்டுப்புறத்துச் சமையல். கனடாவின் இன்றைய நோவா ஸ்கோஷியாவில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியானவர்களை, 1755 முதல் பிரிட்டிஷார் வீடு வாசலைப் பறித்துக் கப்பலேற்றி விரட்டினார்கள். அவர்களில் பலர் லூசியானாவின் சதுப்புநிலங்களில் வந்து ஒதுங்கினார்கள். 'அகேடியன்' என்ற சொல் நாவில் தேய்ந்து 'கேஜன்' ஆயிற்று. ஒரே பானை, பன்றிக் கொழுப்பு, கையில் கிடைத்த மீனும் வேட்டையும்: அதுதான் அவர்கள் சமையல். லஃபாயெட் நகரமும் அதன் சுற்றுவட்டாரமும் இதன் தாய்வீடு.

சோதித்துப் பார்க்க எளிய வழி, ஜம்பலாயா. சோறும் கறியும் சேர்ந்தே வேகும் இந்தப் பண்டம் தக்காளியோடு சிவந்து வந்தால் கிரியோல். தக்காளி இல்லாமல், இறைச்சியும் வெங்காயமும் சட்டியடியில் பிடித்த பழுப்பு நிறத்தோடு வந்தால் கேஜன். இன்றைய தெருமுனைக் கடைகளில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. எந்தப் பக்கம் என்று வாதாடவேண்டாம்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மசாலா தடவி, கனன்ற இரும்புச் சட்டியில் கருக வறுத்த 'பிளாக்கண்ட்' மீன் தொன்மையான கேஜன் உணவு அல்ல. பால் ப்ரூடோம் என்ற சமையல் கலைஞர் 1980-களில் பிரபலமாக்கியது. அதற்குக் கிடைத்த வரவேற்பில் ரெட்ஃபிஷ் இனமே அருகி, மெக்சிகோ வளைகுடாவில் வணிகரீதியாகப் பிடிப்பதற்கு அரசு கட்டுப்பாடு விதிக்கவேண்டி வந்தது.

4. உட்கார்ந்ததும் கேட்கவேண்டிய கேள்வி

"இன்றைக்கு என்ன விசேஷம்?" அவ்வளவுதான். சுவரில் சாக்கட்டியால் எழுதியிருப்பது, அச்சிட்ட மெனுவைவிட நம்பத் தகுந்தது. பரிமாறுபவர் உங்களை 'பேபி', 'டார்லிங்' என்று அழைப்பார். வயது, பால் எதுவும் பார்க்காமல் எல்லாரையும் அப்படித்தான் அழைப்பார்கள். நம்மூரில் முன்பின் தெரியாதவரைத் தம்பி, கண்ணு என்பதுபோல. கூச்சப்படாமல் இரண்டு வார்த்தை பேசுங்கள். அதன் பிறகு எதைத் தவிர்க்கலாம் என்பதையும் அவரே சொல்வார்.

5. கம்போவில் தொடங்குங்கள்

ஒரு சமையலறையின் தரத்தை அறிய ஒரு கப் கம்போ போதும். கப், கிண்ணம் என இரண்டு அளவில் வரும். மற்றவற்றுக்கும் வயிற்றில் இடம் வேண்டுமானால் கப் சொல்லுங்கள்.

கம்போவின் உயிர் 'ரூ'. எண்ணெயிலோ கொழுப்பிலோ மைதாவைப் போட்டு, சிறு தீயில் கைவிடாமல் கிண்டுவது. முதலில் வெளிர் மஞ்சள், பிறகு வேர்க்கடலை விழுதின் நிறம், பிறகு செம்பு, கடைசியில் சாக்லேட். முக்கால் மணி நேரம்கூட ஆகும். ஒரு நொடி கவனம் தப்பிக் கரும்புள்ளி விழுந்தால் அத்தனையும் குப்பைக்கு. சரியான பதத்தில் வெங்காயம், செலரி, பச்சைக் குடமிளகாய் மூன்றையும் கொட்டுவார்கள். காய்களின் ஈரம் சூட்டைத் தணித்து, ரூ மேலும் கருகாமல் நிறுத்தும். இந்த மூன்றுக்கும் அங்கே 'ஹோலி டிரினிட்டி' என்றே பெயர், அதாவது பரிசுத்த திரித்துவம். இங்கே சமையலறையிலிருந்து எது வந்தாலும் பாதிக்குமேல் இந்த மூன்றில்தான் தொடங்கியிருக்கும்.

வந்த கப்பைக் கரண்டியால் அடியிலிருந்து ஒருமுறை கிளறிப் பாருங்கள். குழம்பு பசைபோல நிற்கக்கூடாது. கரண்டியின் முதுகில் மெல்லிய படலமாக ஒட்டி வழியவேண்டும். ரூ கறுக்கக் கறுக்க அதன் கெட்டிப்படுத்தும் சக்தி குறையும். ஆகவே கறுத்தும் மிகக் கெட்டியாகவும் இருந்தால் பின்னால் வேறு ஏதோ கலந்திருக்கிறார்கள். மூக்கருகே கொண்டுபோனால் வறுத்த வாசம் வரவேண்டும், தீய்ந்த வாசம் அல்ல. வாயில் வைத்ததும் உறைக்காது. விழுங்கியபின் தொண்டையில் மெல்ல ஏறும்.

'கம்போ' என்ற சொல்லே மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. வெண்டைக்காயின் வழவழப்பை நாம் வதக்கிப் போக்குகிறோம். அவர்கள் அதைக் கொண்டே குழம்பைக் கெட்டிப்படுத்துகிறார்கள். வெண்டைக்காய் இல்லாத குளிர்காலத்தில் சோக்டா மக்கள் கற்றுக்கொடுத்த 'ஃபீலே' உதவும்: சாசஃப்ராஸ் மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த பச்சைப் பொடி. அது மேசையில் சிறு குப்பியில் இருந்தால், கொதி அடங்கிய கம்போவின் மேல் ஒரு சிட்டிகை தூவுங்கள். கொதிக்கும்போது போட்டால் நூல்நூலாகத் திரிந்துவிடும்.

கோழியும் ஆன்டூயி சாசேஜும் போட்டது ஒரு வகை. இறால், நண்டு, சிப்பி போட்டது இன்னொரு வகை. கேஜன் பக்கத்துக் கடைகளில் உருளைக்கிழங்கு சாலட் கூடவே வரும். தனியாகச் சாப்பிடாமல் ஒரு கரண்டி எடுத்துக் கம்போவுக்குள்ளேயே போடுங்கள். சூடான குழம்பும் குளிர்ந்த கிழங்கும் சேரும் அந்த வாய்க்காகவே நான் மறுபடி போவேன்.

6. போ-பாய் கேட்கும் முறை

1929-இல் நகரத்து டிராம் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்பு டிராமில் வேலை பார்த்த மார்ட்டின் சகோதரர்கள் அப்போது ஓர் உணவகம் நடத்திக்கொண்டிருந்தார்கள். போராடும் தொழிலாளருக்கு இலவசமாகச் சாப்பாடு போட்டார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் "இதோ இன்னொரு ஏழைப்பிள்ளை", ஆங்கிலத்தில் 'புவர் பாய்', என்பார்களாம். அதுவே சாண்ட்விச்சின் பெயராக நின்றுவிட்டது என்பது ஊர் சொல்லும் கதை.

ரொட்டிதான் இதில் முக்கியம். மேலோடு கடித்ததும் சில்லுசில்லாய் நொறுங்கும், உள்ளே பஞ்சு. இறால், சிப்பி, கெளுத்தி மீன் ஆகியவற்றைச் சோளமாவில் புரட்டிப் பொரித்து அடைப்பார்கள். அல்லது சாறு சொட்டும் மாட்டிறைச்சி. "டிரெஸ்டு?" என்று கேட்பார்கள். ஆம் என்றால் லெட்யூஸ், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, மயோனைஸ் சேரும். முதல்முறை ஆம் என்றே சொல்லுங்கள். பாதி இறால், பாதி சிப்பி என்றும் கேட்கலாம். முழு நீளம் இருவருக்குப் போதும்.

7. கையால் சாப்பிடவேண்டியவை

'பார்பிக்யூ இறால்' என்ற பெயரை நம்பி ஏமாறவேண்டாம். அதில் தணலும் இல்லை, புகையும் இல்லை. தலையும் ஓடும் கழற்றாத இறாலை வெண்ணெய், மிளகு, பூண்டு, வூஸ்டர் சாஸில் வேகவைத்து, அந்தச் சாற்றோடு கொண்டுவந்து வைப்பார்கள். கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, இறாலை உரித்துத் தின்று, மிஞ்சிய சாற்றை ரொட்டியால் துடைத்து எடுக்கவேண்டும். மிளகு இவ்வளவு தாராளமாக விழும் பண்டம் அமெரிக்காவில் அரிது.

பருவத்தில் போயிருந்தால், அவித்த கிராஃபிஷ். உப்பும் கெயேன் மிளகாயும் கொதித்த நீரில் உருளைக்கிழங்கு, சோளக்கதிர், பூண்டோடு அவித்து, ஆவி பறக்கத் தட்டில் கொட்டுவார்கள். பவுண்டு கணக்கில் விலை. ஓடு போகச் சதை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் தேறும் என்பதால், ஆளுக்கு 3 பவுண்டு கேட்கத் தயங்கவேண்டாம்.

உரிப்பது இப்படி. இடக்கையில் தலையையும் வலக்கையில் வாலையும் பிடியுங்கள். எதிரெதிராக ஒரு திருகு, பிறகு இழு, இரண்டாக வரும். தலைக்குள் மஞ்சள் கொழுப்பு இருக்கும்; மசாலா நீரும் அதில்தான் தேங்கியிருக்கும். வாய் வைத்து உறிஞ்சுங்கள். அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். வாலின் மேல் வளையம் ஒன்றிரண்டைக் கட்டைவிரலால் கழற்றி, வால் நுனியைக் கிள்ளிப் பிடித்து இழுத்தால் சதை முழுதாக நழுவி வரும். பத்தாவது உருப்படிக்குள் கை பழகிவிடும். அதுவரை கண்ணைத் தேய்க்காதீர்கள்.

உரிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு எட்டூஃபே இருக்கிறது: உரித்த வாலை வெண்ணெயும் ரூவும் சேர்ந்த கெட்டிக் குழம்பில் வேகவைத்துச் சோற்றின்மேல் ஊற்றுவது.

பச்சைச் சிப்பி பற்றி ஓர் எச்சரிக்கை. கல்லீரல் நோய், சர்க்கரை நோய், நோய் எதிர்ப்புக் குறைவு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் பெருகும் விப்ரியோ என்னும் பாக்டீரியா உயிருக்கே ஆபத்து. பூண்டு வெண்ணெயும் சீஸும் போட்டுத் தணலில் சுட்ட சிப்பியைக் கேளுங்கள். எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.

8. பன்றி, மாடு, சைவம்: தெளிவாகக் கேளுங்கள்

நம்மவர்கள் பலர் ஏமாறும் இடம் இது. பார்த்தால் பருப்புக் கூட்டுப்போல இருக்கும் ரெட் பீன்ஸில் பன்றி இறைச்சி கரைந்திருக்கும். கீரை மசியலில் பன்றிக்கால் எலும்பு. 'டர்ட்டி ரைஸ்' சோற்றில் கோழி ஈரல். கீரைக் கம்போ என்ற பெயரைக் கேட்டு மகிழ்ந்தால், அதிலும் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். ஆன்டூயி, டாசோ இரண்டும் பன்றியே. சோறும் பன்றியும் அடைத்த பூடான் சாசேஜும் அப்படியே. ஆமை சூப்பில் ஷெர்ரி ஒயினும், பிரெட் புடிங் சாஸில் விஸ்கியும் சேரும்.

ஆகவே "இது சைவமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "இதில் பன்றி இருக்கிறதா? எந்தச் சாறு ஊற்றி வேகவைத்தீர்கள்? இறால் பொரித்த எண்ணெயிலேயே இதையும் பொரிக்கிறீர்களா?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள். உருளைக்கிழங்கு வறுவல் அடைத்த போ-பாய் பல கடைகளில் உண்டு. மாட்டிறைச்சிச் சாறு ஊற்றாமல் கேட்டால் சைவத்துக்கு அதுதான் கைகொடுக்கும். பொரித்த பச்சைத் தக்காளி, சோளமாவு உருண்டை, உருளைக்கிழங்கு சாலட் கிடைக்கும். முட்டை சாப்பிடாதவர்கள் அதையும் கேட்டுக்கொள்ளவேண்டும். 'மெர்லிட்டன்' என்று எழுதியிருந்தால் அது நமது சௌசௌவேதான். ஆனால் அதன் வயிற்றில் பெரும்பாலும் இறால் இருக்கும். கண்டிப்பான சைவர்களுக்கு இந்த வகைக் கடை கடினம் என்பதை மறைத்துப் பயனில்லை.

கோதுமை ஒவ்வாதவர்கள் ரூ சேர்ந்த எதையும், ஓடுள்ள கடலுயிர் ஒவ்வாதவர்கள் பொரித்த எதையும் விசாரிக்காமல் தொடவேண்டாம்.

9. ஹாட் சாஸ்

மேசையில் இரண்டு குப்பிகள் இருக்கும். 1868 முதல் ஏவரி தீவில் தயாராகும் டபாஸ்கோ காரம் கூடியது. கிறிஸ்டல் காரம் குறைந்தது. பீன்ஸுக்கும் பொரித்த மீனுக்கும் கிறிஸ்டல். நம் நாக்குக்கு இந்தச் சமையல் உறைப்பே இல்லை என்று முதல் வாயிலேயே தோன்றும். உடனே குப்பியைக் கவிழ்க்காதீர்கள். மூன்று வாய் சாப்பிட்டபின் ரூவின் கசப்பும் மிளகின் சூடும் தாமாக வரும்.

10. இனிப்பு, பில், கொசுறு

மிஞ்சிய பிரெஞ்சு ரொட்டி, பால், முட்டை சேர்த்துச் சுட்ட பிரெட் புடிங் கண்டிப்பாக. கூடச் சிக்கரி கலந்த காபி. நம்மூர் ஃபில்டர் காபியில் சிக்கரி பழகியவர்களுக்கு அந்த வாசனை உடனே பிடிபடும்.

பில்லில் வரி ஏறக்குறைய 10 சதவிகிதம். அதற்குமேல் 18 முதல் 20 சதவிகிதம் டிப்ஸ் வையுங்கள். டிப்ஸ் பெறும் ஊழியருக்குச் சட்டப்படி முதலாளி தரவேண்டிய கூலி மணிக்கு 2.13 டாலர்தான், உங்களை 'பேபி' என்று அழைத்து, பருவம் தவறிக் கேட்டதைத் திருத்திய அந்த அம்மாளின் வீட்டு வாடகை நீங்கள் மேசையில் வைக்கும் பணத்தில்தான் இருக்கிறது.

புறப்படும்போது பரிமாறுபவர் ஒரு ப்ராலீன் மிட்டாயையோ காகிதப்பையில் ஒரு துண்டு ரொட்டியையோ நீட்டினால், பில்லில் தேடாதீர்கள். அதற்கு 'லான்யாப்' என்று பெயர். தென்னமெரிக்காவின் கெச்சுவா மொழியில் பிறந்து, ஸ்பானிஷ் வழியாக இந்த ஊருக்கு வந்த சொல். தமிழில் அதற்குச் சரியான சொல் ஏற்கெனவே இருக்கிறது: கொசுறு.

மிஞ்சிய கம்போவைக் கட்டிக்கொடுக்கச் சொல்லுங்கள். சோற்றைத் தனி டப்பாவில் கேளுங்கள். சேர்த்து வைத்தால் சோறு சாற்றையெல்லாம் குடித்து ஊதிவிடும். தனியே வைத்து மறுநாள் காலை மெல்லச் சூடாக்குங்கள். கம்போ முதல் நாளைவிட இரண்டாம் நாள்தான் ருசி.